அலை பார்த்துச் சொன்ன அக்கா

எங்கள் ஹோட்டலின் சலவைப் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் சன்னல் கிடையாது. எட்டு பெரிய சலவை மெஷின், ஆறு உலர்த்தும் மெஷின், ஈரப் படுக்கை விரிப்பை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் சுருக்கமில்லாமல் தள்ளுகிற நீளமான சூட்டு உருளை ஒன்று. அந்த உருளைக்கு முன்னால் பதினான்கு வருடம் நின்றவர்தான் நாங்கள் பம்பரம் அக்கா என்று கூப்பிட்டவர்.

பெயர் சும்மா வரவில்லை. அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு விரிப்பு உருளைக்குள் போய் வெளியே வருவதற்குள் துண்டுகளைப் பிரித்திருப்பார், தள்ளுவண்டியை நகர்த்தியிருப்பார், மாடியிலிருந்து துணி விழும் குழாய்க்குள் தலையை விட்டு “மெதுவாப் போடுங்கப்பா, கீழ மனுஷங்க இருக்கோம்!” என்று கத்தியிருப்பார். சாப்பாடும் நின்றபடிதான். ஒரு கையில் டிபன் பாக்ஸ், இன்னொரு கை எதையாவது மடித்துக்கொண்டிருக்கும்.

நான் அப்போது மேலே வரவேற்பில் இருந்தேன். ஒரு நாள் காலை கீழேயிருந்து போன்.

“ஏம்மா, முன்னூத்திப் பன்னெண்டுல யாரு இருக்காங்க?”

“ரெண்டு பசங்கக்கா. அலைச் சறுக்குப் பலகையோட வந்தவங்க. ஏன், துண்டு கிழிஞ்சிருக்கா?”

“கிழியல. அவங்க எந்தக் கடல்ல போய்க் குளிச்சாங்கன்னு கேட்டுச் சொல்லு.”

“அதெல்லாம் நாம கேக்கக் கூடாதுக்கா.”

“சரி, அப்ப நானே மேல வந்து கேக்கறேன்.”

நனைந்த உடையும் ரப்பர் செருப்புமாக அவர் வரவேற்புக் கூடத்தில் வந்து நின்றால் மேனேஜர் என்னைத்தான் பிடிப்பார். நானே கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

விஷயம் இதுதான். கடற்கரைத் துண்டுகளை அப்படியே மெஷினில் போட்டால் மண் போய்க் குழாயை அடைத்துவிடும். அதனால் முதலில் ஒரு கம்பி வலை மேல் உதறுவார்கள். வலைக்குக் கீழே ஒரு தட்டு. வருடக்கணக்காக அந்தத் தட்டைக் கொட்டிய அக்காவுக்கு மண்ணெல்லாம் அத்துப்படி. ஹோட்டலுக்கு முன்னால் இருப்பது மாவு மாதிரி வெள்ளை. ஆறு கடலில் சேரும் இடத்தில் மினுக்குகிற கறுப்பு. துறைமுகச் சுவருக்குப் பக்கத்தில் கிளிஞ்சல் தூள். அந்தக் கரைகள் ஒவ்வொன்றையும் அவர் வருடத்துக்கு ஒரு முறை பார்த்திருந்தால் அதிகம். ஆனால் துண்டை உதறினால் விருந்தாளி எங்கே போய்விட்டு வந்தார் என்று சொல்லிவிடுவார். அன்றைக்குத் தட்டில் விழுந்தது செங்கல் பொடி போன்ற சிவப்பு மணல். அவர் பார்த்தேயிராத மணல்.

பையன்களிடம் கேட்டேன். ஒருவனை ஒருவன் பார்த்துச் சிரித்தார்கள். “அதைச் சொன்னா நாளைக்கு ஊரே அங்க வந்து நிக்கும். மன்னிச்சுக்குங்க” என்றார்கள். நல்ல அலை கிடைக்கும் இடத்தை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“சொல்ல மாட்டாங்களாம்க்கா” என்று கீழே சொன்னேன்.

“அப்படியா?” என்றார். அந்த ஒரு வார்த்தையோடு போனை வைத்துவிட்டார். அக்கா வாழ்க்கை அந்த “அப்படியா”வில்தான் திரும்பியது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் அடுத்த விருந்தாளிக்குச் சாவி எடுக்கத் திரும்பிவிட்டேன்.

அவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுப்பு. அந்தச் செவ்வாய் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வடக்கே போனார். மண்ணைக் கையில் அள்ளிப் பார்ப்பது, கீழே போடுவது, அடுத்த கரை. அடுத்த செவ்வாய் தெற்கே. மூன்றாவது செவ்வாய் விமான நிலையத்துக்குப் பின்னால் முள்கம்பி ஓரமாகப் போய், காவல்காரரிடம் மாட்டி, “மண்ணு பார்க்க வந்தேன்” என்று உண்மையைச் சொல்லி, அதனாலேயே இன்னும் அரை மணி நேரம் விசாரிக்கப்பட்டார். நான்காவது செவ்வாய்தான் கிடைத்தது. மூடிக்கிடந்த செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு செம்மண் மேடு. அது மழைக்கு மழை கரைந்து கடலில் விழுந்துகொண்டிருந்தது. கீழே மணல் அதே நிறம். ஒரு பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். வந்த வேலை முடிந்தது, திரும்பியிருக்கலாம்.

ஆனால் தண்ணீரில் நாலைந்து பேர் பலகை மேல் உட்கார்ந்திருந்தார்கள். எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் தண்ணீர் தடித்தது. ஒருவன் திரும்பி, கையால் தண்ணீரைத் தள்ளி, எழுந்து நின்றான். அலை அவனுக்குப் பின்னால் உடைந்துகொண்டே வந்தது. அவன் அதற்கு ஒரு முழம் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். எட்டு, பத்து நொடி இருக்கும். பிறகு அலையும் தீர்ந்தது, அவனும் விழுந்தான்.

“அவன் விழுந்ததும் எனக்குத் திக்குன்னுச்சு. ஏதோ நான் ஏறிப் போய் நான் விழுந்த மாதிரி. இன்னொண்ணு பார்த்துட்டுப் போலாம்னு நின்னேன். அப்புறம் இன்னொண்ணு” என்றார் என்னிடம். நாலு மணி நேரம் நின்றிருக்கிறார். உட்காரவில்லை.

வீட்டில் அவருடைய கணவர் சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தார். அவர் தையல் மெஷின் பழுதுபார்ப்பவர். வீட்டின் முன் அறையே பட்டறை. ஒரு சின்னத் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுதைப் போக்கிவிடக்கூடிய மனிதர். இருவரையும் யார் சேர்த்துவைத்தார்கள் என்று தெருவே ஆச்சரியப்படும்.

“எங்க போயிட்ட?”

“அலை பார்க்க.”

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். “வந்துட்டியா இல்ல இன்னும் அங்கதான் நிக்கிறியா?” என்று கேட்டார். அக்கா பற்றவைக்காத அடுப்பின் மேல் பாத்திரத்தை வைத்துக் கிளறிக்கொண்டிருந்தாராம்.

அதன் பிறகு செவ்வாய் மட்டும் போதவில்லை. வேலைக்கு எட்டு மணிக்கு வர வேண்டும். ஐந்தரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பி மூன்று நான்கு கரைகளைப் பார்த்துவிட்டு வருவார். ஒரே கரை காலையில் ஒரு மாதிரி, மறுநாள் இன்னொரு மாதிரி. நிலத்திலிருந்து காற்று அடித்தால் அலை நிமிர்ந்து நிற்கும், கடலிலிருந்து அடித்தால் கலங்கிக் குழைந்துவிடும். தண்ணீர் ஏறும்போது உடைகிற இடம் வற்றும்போது உடையாது. யாரும் சொல்லித்தரவில்லை. போய்ப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பெயரும் அவரே வைத்தார். சூளைக்குப் பின்னால் இருப்பது ‘செங்கல்’. இடிந்த படகுத்துறை ‘ஓட்டைப்பாலம்’. விமான நிலையத்துக்குப் பின்னால் இருப்பது ‘றெக்கை’. ஆற்று முகத்துவாரம் வெறும் ‘வாய்’.

எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. சர்ஃபிங் செய்ய வருகிறவர்கள் காலையில் முதலில் என் மேசைக்குத்தான் வருவார்கள். இன்றைக்கு எந்தக் கரை நன்றாக இருக்கும் என்று கேட்டால் நான் என்னத்தைக் கண்டேன், சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டுவேன். ஒரு நாள் அக்காவைக் கேட்டுச் சொன்னேன். போனவர்கள் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார்கள். மறுநாள் இன்னும் நாலு பேர் கேட்டார்கள்.

இப்படித்தான் காலை ஆறரை மணிக் குரல் செய்தி ஆரம்பித்தது. முதலில் எனக்கு மட்டும் போனில் பேசி அனுப்புவார். பிறகு பலகை வாடகைக்கு விடுகிற கடைக்காரர் கேட்டார். பலகைக்கு எப்போதும் மெழுகு தேய்த்துக்கொண்டே இருப்பதால் அவருக்கு மெழுகு என்றே பெயர். மெழுகு ஒரு குழு தொடங்கினார். இரண்டு வருடத்தில் அதில் அறுநூறு பேர்.

“செங்கல் நெஞ்சளவு, நிலக்காத்து, கூட்டம் இல்ல, போங்க. றெக்கை சப்புன்னு கெடக்கு, பெட்ரோலை வீணாக்காதீங்க. ஓட்டைப்பாலத்துல அலை நல்லாத்தான் இருக்கு, ஆனா கீழ இரும்புக் கம்பி துருத்திட்டு நிக்குது, வீட்ல சொல்லிட்டுப் போங்க.”

இதுதான் அவர் பேச்சு. பின்னால் காற்றுச் சத்தம், சில நாள் நாய் குரைக்கும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஊரில் பாதிப் பேர் பல் துலக்கினார்கள் என்று மெழுகு சொல்வார்.

மேனேஜருக்கு மூக்கில் வியர்த்தது. ஹோட்டலுக்கு நல்ல பெயர் வருகிறதென்றால் விடுவாரா? அக்காவைக் கீழேயிருந்து எடுத்து ‘கடற்கரை வழிகாட்டி’ என்று சட்டையில் குத்த ஒரு அட்டை கொடுத்தார். ஸ்கூட்டருக்கு ஹோட்டல் பெட்ரோல். பதினான்கு வருடம் கழித்து அவர் பகலில் வெளிச்சத்தில் வேலை செய்தார். முகமே மாறிப்போயிற்று. கறுத்து, மெலிந்து, கண் மட்டும் இன்னும் பெரிதாக.

ஆனால் நிம்மதியாக இருந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கரையில் நிற்கும்போதே அடுத்த கரை அவர் கழுத்தைப் பிடித்து இழுக்கும். நல்ல அலை என்று வாயால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை ஸ்கூட்டர் சாவியைத் தேடும். வெளியூரில் நர்ஸ் படிப்பு படித்த மகள் போன் செய்தால் எடுத்ததும் கேட்பது “சாப்டியாம்மா” இல்லை, “எங்கம்மா இருக்க?” என்பதுதான். வேடிக்கை என்னவென்றால் அவருக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதே இல்லை.

“இறங்கிப் பார்க்கலாம்ல?” என்று கேட்டேன் ஒரு தடவை.

“இறங்கினா ஒரு இடத்துலதானே இருக்க முடியும்?” என்றார்.

ஊரிலிருந்து தெற்கே கடைசியில் ஒரு கலங்கரை விளக்கம். அதைத் தாண்டி மலை ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அந்தப் பக்கம் சாலை கிடையாது. படகில் போகிறவர்கள் மட்டும் அங்கே ஒரு அலை இருப்பதாகச் சொன்னார்கள். சொன்ன நாளிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடந்து போய்வர மூன்று மணி நேரம் ஆகும். காலைச் செய்தியையும் விட முடியாது. மூன்று வாரம் அதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்.

அந்த வாரம் ஹோட்டலில் ஒரு டீச்சர் தங்கியிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தனியாக வருவார், மூன்று வருடமாக வருகிறார். ஒவ்வொரு வருடமும் எட்டு நாள், அந்த எட்டு நாளும் பலகை மேல் எழுந்து நிற்கப் பழகுவதற்கு. முந்தின நாள்தான் முதல் தடவையாக முழு அலை ஒன்றை விழாமல் ஓட்டியிருந்தார். மாலையில் என் மேசைக்கு வந்து அதை எழுந்து நின்று நடித்தே காட்டினார். வரவேற்புக் கூடத்தில் எல்லோரும் கைதட்டினோம்.

மறுநாள் காலை ஆறே காலுக்கே செய்தி வந்துவிட்டது. வழக்கத்தைவிட முன்னால். சுருக்கமாக இருந்தது. “செங்கல் பெருசா இருக்கு, பழகினவங்க மட்டும். வாய் நேத்து மாதிரிதான், இடுப்பளவு, புதுசாக் கத்துக்கறவங்க போகலாம்.”

டீச்சர் வந்து கேட்டார். “அக்கா என்ன சொல்றாங்க?”

“வாய் நல்லா இருக்காம். போயிட்டு வாங்க” என்றேன்.

ஆறு தொடங்குகிற மலைகளில் முந்தின நாள் பெய்த மழை அந்த அதிகாலையில்தான் ஆற்றில் வந்து சேர்ந்திருக்கிறது. முகத்துவாரத்தில் அலையை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மணல் திட்டு நடுவில் பிளந்து, ஆற்றுத் தண்ணீர் அதன் வழியாகக் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நின்று ஐந்து நிமிடம் பார்க்கத் தெரிந்தவருக்கு அது தெரிந்திருக்கும். டீச்சருக்குத் தெரியவில்லை. இறங்கிய கொஞ்ச நேரத்தில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பலகை திரும்பி அடித்ததில் தோள் மூட்டு நழுவிவிட்டது. ஒற்றைக் கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கடலில் கிடந்திருக்கிறார். மீன் பிடித்துத் திரும்பிய ஒரு படகுக்காரர் பார்த்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

எனக்குச் செய்தி வந்தபோது முதலில் கூப்பிட்டது அக்காவைத்தான். அவர் போன் தொடர்பு எல்லையில் இல்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். பத்தரை மணிக்கு அவரே கூப்பிட்டார். குரலில் ஒரு குதூகலம்.

“ஏம்மா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? நான் எங்க இருந்தேன் தெரியுமா? மலைக்கு அந்தப் பக்கம்! அலைன்னா அது அலை! நம்ம உருளையிலேர்ந்து விரிப்பு வருமே, ஒரு சுருக்கம் இல்லாம, அந்த மாதிரி ஒரு ஓரத்துலேர்ந்து…”

“அக்கா, டீச்சர் ஆஸ்பத்திரில இருக்காங்க. வாயில இழுத்துட்டுப் போயிடுச்சு.”

ஸ்கூட்டர் ஸ்டாண்டைத் தள்ளுகிற சத்தம் கேட்டது.

“பொழைச்சுட்டாங்கக்கா. தோள்தான். இருக்கீங்களா?”

“நான் இன்னிக்கு வாய்க்குப் போகலம்மா” என்றார்.

நேற்று பார்த்ததை வைத்து இன்றைக்குச் சொல்லிவிட்டு, சாலை முடிகிற இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மலை ஏறியிருக்கிறார். அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஊரில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஆறு உடைத்துக்கொண்டு வந்தால் யார் என்ன செய்ய முடியும் என்றுதான் பேசிக்கொண்டார்கள். மேனேஜரும் அதையே சொன்னார். இன்னும் பலமாகச் சொன்னார்.

அக்கா வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவரும் முதலில் அதையேதான் சொன்னார்.

“ஆறு வந்ததுக்கு நீ என்ன பண்ணுவ?”

“போயிருந்தா பார்த்திருப்பேன்ல.”

அவர் கையிலிருந்த மெஷின் பாகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தார். அன்று பகல் முழுக்க அக்கா வீட்டைப் பெருக்கினார், மறுபடி பெருக்கினார், ஏற்கனவே துவைத்த திரைகளைக் கழற்றித் துவைத்தார். சாயங்காலம் கணவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினார். “போய் அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வா. இல்லன்னா நீ இந்தத் தரையைத் தேய்ச்சே பள்ளம் பண்ணிடுவ.”

போகும் வழியில் என்னையும் கூட்டிக்கொண்டார். தனியாகப் போகத் தைரியம் இல்லை என்று சொல்லவில்லை. “நீயும்தானே போகச் சொன்ன, வா” என்றார். அது சரிதான்.

ஆஸ்பத்திரி அறையில் டீச்சர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. அக்கா கட்டில் ஓரத்தில் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். டீச்சர் அவரையே பார்த்தார்.

“அங்க போகாமயே சொன்னீங்களா?”

“ஆமாங்க.”

“ஏன்?”

“வேற ஒரு கரை பார்க்கணும்னு அவசரம்.”

“அதுக்கு என்ன அவசரம்? அந்தக் கரை எங்கயாவது ஓடிப் போயிடுமா?”

டீச்சரின் குரல் உயரவில்லை. வகுப்பில் கத்தாத டீச்சர் என்று அப்போதே தெரிந்தது. “இதை எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க? சொல்லாம இருந்திருந்தா கடல் மேல பழியைப் போட்டுட்டு நான் பாட்டுக்கு மறந்திருப்பேன். இப்ப உங்க மேல கோவப்படணும். கோவப்படவும் தெம்பு வேணும்ல? எனக்கு இப்ப அது இல்ல. நீங்க போங்க.”

வெளியே வந்ததும் நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். “அவங்க சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்ல” என்றார். ஸ்கூட்டரைக் கிளப்ப மூன்று தடவை உதைத்தார். வண்டி முதல் உதையிலேயே கிளம்பியிருந்தது.

மறுநாள் செய்தி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சட்டையில் குத்துகிற அட்டையை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு, கீழே பழைய இடத்துக்கே போகிறேன் என்றார். மேனேஜர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழைக்காலம் தொடங்கியிருந்தது. இரண்டரை மாதம் உருளைக்கு முன்னால் நின்றார். இம்முறை அசையாமல் நின்றார், அதுதான் பயமாக இருந்தது. துணி விழும் குழாய்க்குள் யாரும் கத்தவில்லை. ஒரு நாள் யோசனையில் கை நகராமல் விரல் நுனிகளைச் சுட்டுக்கொண்டார். கூட வேலை செய்தவர்கள், “அக்கா, நீங்க கத்தவாவது செய்யுங்க” என்று கெஞ்சினார்கள்.

ஒரு ஞாயிறு காலை மெழுகு என்னைக் கூப்பிட்டார். “சீக்கிரம் வாய்க்கு வாங்க. உங்க அக்கா வேற யார் பேச்சையும் கேக்க மாட்டேங்கறாங்க.”

போனேன். டீச்சரைத் தூக்கி வந்த படகுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அக்கா இடுப்பில் நைலான் கயிறு கட்டியிருந்தது. அதன் மறுமுனை படகுக்காரர் கையில். உயிர்காப்புச் சட்டை மெழுகுடையது, இரண்டு அளவு பெரியது.

“என்னக்கா இது?”

“எப்படி இழுக்குதுன்னு எனக்குத் தெரியணும். இத்தனை வருஷம் வெளியில நின்னு பார்த்துட்டு உள்ள போறவங்களுக்குச் சொல்லியிருக்கேன்.”

“பைத்தியமா உங்களுக்கு?” என்று படகுக்காரரைப் பார்த்துக் கேட்டேன்.

“நானும் அதைத்தான் கேட்டேன். நீ பிடிக்கலன்னா கயிறு இல்லாமப் போவேன்னு சொல்றாங்க. நான் என்ன பண்ண?” என்றார் அவர்.

ஆறு அன்று அடங்கித்தான் இருந்தது, ஆனாலும் இழுப்பு இருந்தது. மெழுகு பக்கத்தில் பலகையோடு இறங்கினார். முழங்கால், தொடை, இடுப்பு. அக்கா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. திடீரென்று அவர் உயரம் குறைந்தது. காலுக்குக் கீழே மணல் நழுவியிருக்கிறது. கயிறு விறைத்தது. தலை ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தது. படகுக்காரர் குதிகாலை மண்ணில் ஊன்றி இழுக்க ஆரம்பித்தார். “வேணாம், இன்னும் கொஞ்சம்!” என்று அங்கிருந்து குரல். இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ, எனக்கு ஒரு யுகம். இழுத்துக் கரையில் போட்டபோது மூக்கிலும் வாயிலும் தண்ணீர், ஒரு கால் செருப்பைக் காணோம்.

இருமி முடித்துவிட்டுச் சொன்னார். “கையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும்னு நினைச்சேன். அப்படி இல்லம்மா. தரையையே உருவிக்கிட்டுப் போகுது. அவங்க முக்கால் மணி நேரம் இருந்திருக்காங்க.” பிறகு அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான். படகுக்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஆறரைக்குச் செய்தி வந்தது. குரல் கரகரவென்று இருந்தது. “செங்கல்ல நிக்கிறேன். இடுப்பளவு, கடல்காத்து, சுமார். ஓட்டைப்பாலம் பார்த்துட்டு வந்தேன், ஒண்ணுமில்ல. வாய் பார்க்கல. றெக்கை பார்க்கல.”

அதிலிருந்து அப்படித்தான். போன இடத்தை மட்டும் சொல்வார். போகாததைப் ‘பார்க்கல’ என்று சொல்வார். சில நாள் அவர் செய்தியில் பார்க்கலதான் அதிகம். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. அட்டையைத் திரும்பக் கொடுக்கிறேன், ஆனால் இந்த ‘பார்க்கல’ வேண்டாம், விருந்தாளிகள் பயப்படுகிறார்கள், நம் வேலையில் அரைகுறை இருக்கிற மாதிரி தெரிகிறது என்றார். கூப்பிட்டு உட்காரச் சொல்லிப் பேசினார். அக்கா உட்காரவில்லை.

“பார்க்காததை எப்படி சார் சொல்றது?”

“நேத்து எப்படி இருந்துதுன்னு சொல்லுங்களேன்.”

“நேத்தைக்கு வந்தவங்களுக்கு வேணா அதைச் சொல்றேன் சார்” என்றார் அக்கா. கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த மாதக் கடைசியோடு ஹோட்டல் வேலை போனது. போகச் சொன்னார்களா, இவரே போனாரா என்று கேட்டால் இருவரும் இரண்டு மாதிரி சொல்வார்கள்.

மெழுகும் பலகை வாடகைக்கு விடுகிற மற்றவர்களும் சேர்ந்து அவரை வைத்துக்கொண்டார்கள். ஹோட்டலில் கிடைத்த அளவு வசதி இல்லை. காலையில் இரண்டு மணி நேரம் பார்த்துச் சொல்வது, பிறகு புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களைக் கரையில் நின்று கவனிப்பது. மூச்சை அடக்கி நீந்தவும் கற்றுக்கொண்டார். மெழுகு கற்றுக்கொடுத்தார். “என்கிட்ட படிச்சவங்கள்ல இவங்களுக்குத்தான் மிதக்கச் சொல்லித்தர முடியல. நீந்தறாங்க, ஆனா சும்மா மிதக்கத் தெரியல” என்று அவர் இன்றைக்கும் குறைப்படுவார். முகத்துவாரத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க இரண்டு வருடம் அலைந்தார் அக்கா. மூன்று அலுவலகம், பதினொரு கடிதம். கடைசியில் படகுக்காரரே ஒரு பழைய படகின் பக்கப் பலகையில் பெயின்டால் எழுதி நட்டார்.

மலைக்கு அந்தப் பக்கம் இருந்த கரையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வேறு யாரோ கண்டுபிடித்து, படமெடுத்துப் போட்டு, இப்போது அங்கே போக இரும்புப் படிகூட இருக்கிறது. அக்காவும் மற்றக் கரைகளைப் போல அதையும் வாரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்துச் சொல்கிறார். பெயர் மட்டும் வைக்கவில்லை. ‘அந்தப் பக்கம்’ என்பார்.

டீச்சர் அதன் பிறகு எங்கள் ஊருக்கு வரவில்லை. ஆனால் ஒன்றரை வருடம் கழித்து மெழுகின் குழுவில் ஒரு புது எண் சேர்ந்தது. ஹோட்டல் பதிவில் ஒப்பிட்டுப் பார்த்தேன், அவர்தான். அதில் அவர் ஒரு வார்த்தை எழுதியதில்லை. அக்காவின் செய்தியைத் தினமும் கேட்கிறார் என்பது மட்டும் தெரியும். அக்காவிடம் சொன்னேன். “சரி” என்றார். மறுநாள் செய்தியில் எந்த வித்தியாசமும் இல்லை. முகத்துவாரத்துக்குப் போகாத நாள் என்று ஒன்று மட்டும் அதற்குப் பிறகு இல்லாமல் போயிற்று.

இப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு. முட்டி வலி. டாக்டர் ஸ்கூட்டரைக் குறைக்கச் சொன்னதற்கு, “குறைச்சுட்டேன் டாக்டர், மெதுவாத்தான் ஓட்டறேன்” என்றாராம். மகள் கடலே இல்லாத ஒரு ஊரில் வேலைக்குச் சேர்ந்து, வீடும் பிடித்து, அம்மாவையும் அப்பாவையும் வந்து இருக்கச் சொன்னாள். சும்மா பார்த்துவிட்டாவது போங்கள் என்று பத்து நாளுக்குக் கூப்பிட்டாள். கணவர் ஒரு பழைய தையல் மெஷினைக் கூடவே எடுத்துக்கொண்டு போனார். அங்கே பால்கனியில் வெயில் நல்லபடியாக விழுகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அக்கா நான்காவது நாள் தனியாகப் பஸ் ஏறிவிட்டார்.

மகள் எனக்குப் போன் செய்து திட்டித் தீர்த்தாள். “நீங்களாவது கேளுங்கக்கா, இங்க என்ன குறை வெச்சோம்னு. அப்பா இங்கதான் இருக்கார், நல்லா சாப்பிடறார். இவங்கதான் ஒரு நிமிஷம் நிக்காம ஓடிட்டாங்க.”

மறுநாள் காலை செங்கல் கரையில் அக்காவைப் பிடித்துக் கேட்டேன்.

“வீடு நல்ல வீடும்மா. பொண்ணு நல்லாப் பார்த்துக்கறா. ஆனா காலைல எந்திரிச்சு வெளிய போனா எல்லாம் நேத்து வெச்ச இடத்துலயே இருக்கு. எனக்கு மூச்சு முட்டுது.”

“அதுக்காக? அவ அழுதுட்டே பேசறாக்கா.”

அக்காவின் முகம் சுருங்கியது. பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். அவள் எடுத்ததும் கேட்ட கேள்வி என் காதிலும் விழுந்தது. “எங்கம்மா இருக்க?”

“செங்கல்ல நிக்கிறேன்டி. திட்டறதுன்னா திட்டு, கேக்கறேன். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்றேன், நாலு நாள். அதுக்கு மேல என்னால முடியாது. முடியும்னு பொய் சொல்ல மாட்டேன்.”

மகள் என்ன பதில் சொன்னாள் என்று தெரியவில்லை. பேச்சு நீண்டது. அக்கா பேசிக்கொண்டே மணலில் மேலும் கீழுமாக நடந்தார், ஸ்கூட்டர் வரை போனார், திரும்பி வந்தார். மணி ஆறரை ஆகிக்கொண்டிருந்தது. றெக்கைக்கு இன்னும் போகவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது. கையில் சாவி இருந்தது. ஆனால் போனை வைக்கவில்லை. மகள் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.